ஐந்தாவது திருகு

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாடை எந்தக் கதவிடுக்கிலிருந்து வருகிறது என்று பிரம்மசக்தி மூன்றாம் முறையாகத் தேடினாள். கண்டுபிடித்தால் எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்திவிடலாம், சாத்தினால் தொண்டை வரை ஏறி நிற்கிற குமட்டல் ஒருவேளை இறங்கும். ஆனால் வாடை கதவிலிருந்து வரவில்லை. முழங்காலுக்குக் கீழே, புடவைக்குள், இருபத்தைந்து வருடமாக வட்டவட்டமாகச் சுருங்கிக் கிடக்கும் தழும்புகளிலிருந்து வந்தது; அல்லது அப்படித்தான் அவள் நம்பினாள். மருத்துவமனையின் எண் பலகையில் பத்தொன்பது சிவப்பாக எரிந்தது. அவர்களுடையது முப்பத்து நான்கு. எல்லா நாற்காலிகளையும் போலவே இந்த நாற்காலியும் வேறு யாருக்கோ செய்யப்பட்டது. முதுகைச் சாய்த்தால் கால் தொங்கும், காலை ஊன்றினால் முதுகுக்கு ஆதரவில்லை. நாற்பது வயதில், நில அளவை அலுவலகத்தில் வரைவாளராகப் பதினாறு வருடம் வேலை பார்த்த பிறகும், இரண்டில் எது கேவலம் குறைந்தது என்று ஒவ்வொரு நாற்காலியிலும் புதிதாக முடிவுசெய்ய வேண்டியிருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மடியில் படிவம். பக்கத்தில் கணவன் இசக்கிராஜா, அவன் மடியில் மகள் முல்லை. முல்லையின் பெரிய நெற்றி, குட்டைக் கைகள், மூன்று கிளையாகப் பிரிந்து நிற்கும் விரல்கள், எல்லாம் தாயின் அச்சு. அடுத்த வியாழனோடு ஐந்து வயது நிறைகிறது. நிறைந்துவிட்டால் இந்த ஆய்வுத் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே இன்றே கையெழுத்து, இல்லையென்றால் இல்லை. இல்லை என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். அதை இசக்கிராஜாவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் மருத்துவர் விளக்கிய விதம் நினைவில் வந்ததும் அவள் உதடு கோணியது. இளைஞர், மெத்தப் படித்தவர், கெட்டவரும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர் என்னென்ன இருக்கிறது என்று ஒப்பிப்பதைப்போல மூன்று விரலை நீட்டினார். ஒன்று, ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டு வருவது. கழுத்தெலும்பும் முதுகெலும்பும் தண்டுவடத்தை நெருக்குகின்றனவா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, காதில் சீழ் கட்டுகிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது. இரண்டு, தினமும் தோலுக்கடியில் ஓர் ஊசி. எலும்பின் வளர்ச்சிக்குப் போட்ட பூட்டைக் கொஞ்சம் தளர்த்தும் மருந்து. எலும்பின் முனைகள் மூடும்வரை, அதாவது இன்னும் பத்து வருடமாவது, ஒருநாள் தவறாமல். மூன்று, வயது வந்த பிறகு எலும்பை வெட்டி இழுத்து நீட்டுவது. "அதப் பத்தி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல மேடம்," என்று சிரித்தார். வளர்ச்சி ஹார்மோன் என்று நான்காவது ஒன்றும் இருந்ததாம். இந்த வகைக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்று விரலை மடக்கிவிட்டார். ஊசி போட்டால் வருடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூட வரலாம். தண்டுவடத்துக்கும் மூச்சுக்கும் நல்லது செய்யலாம். உறுதியாகத் தெரியாது, அதற்குத்தானே ஆய்வு. இந்த 'லாம்' அவளுக்குப் பிடித்திருந்தது. அது ஒன்றுதான் அந்த அறையில் நேர்மையாக இருந்தது. பிடிக்காதது அவர் கொடுத்தனுப்பிய வழவழப்பான தாள். அதில் ஒரு குழந்தை அலமாரியின் மேல்தட்டை எட்டிப் பொம்மையை எடுத்துச் சிரித்தது. பொம்மையை மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. வழவழப்பில் இசக்கிராஜாவின் விரல் ஈரம் பட்டு ஒரு ரேகை விழுந்திருந்தது. அவன் அதைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறான். அந்த ரேகையைப் பார்க்கக்கூட அவளுக்குக் கூசியது.

எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி வேகவைத்த கடலையை உரித்துத் தோலைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வயதுக்கு வந்த மகள், சராசரியைவிட நாலு விரல் குறைவு, அவ்வளவுதான், தலையைக் குனிந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்மணியின் பார்வை முல்லையின் மேல் ஊர்ந்து, பிரம்மசக்தியின் மேல் ஏறி, மறுபடி முல்லையிடம் இறங்கியது. அந்தப் பார்வை எப்போது வாயைத் திறக்கும் என்று பிரம்மசக்திக்குக் கணக்கு உண்டு. ஏழு எண்ணினாள். ஆறிலேயே திறந்துவிட்டது. "பிள்ளைக்கும் இப்படியேதானா?" என்றாள் அந்தப் பெண்மணி. "ஆமா." "தெரிஞ்சா பெத்தீங்க?" "தெரிஞ்சுதான்." கடலை உரிக்கும் விரல் ஒரு கணம் நின்றது. "தப்பா எடுத்துக்கிடாதீங்க. வயித்துலயே பாத்துச் சொல்லுவாங்கள்லா, அதுக்குக் கேட்டேன்." "சொன்னாங்க." "பொறகு?" "பொறகு பெத்தேன். உங்க மகளுக்கு எத்தன வயசு?" "பதினாறு." "வளந்து முடிஞ்சிருக்கும். இனி வளராது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மயினி." மகள் தலை நிமிராமலே சிரித்தாள். இசக்கிராஜா, "ஏட்டி, சும்மா இரி," என்று காதோரம் முணுமுணுத்தான். அவன் குரலிலும் சிரிப்பு இருந்தது. பெண்மணி கோபிக்கவில்லை. நாலு கடலையை முல்லையின் கையில் வைத்து, போகிற போக்கில் அந்தப் பெரிய நெற்றியைத் தடவினாள். தடவுகிறார்கள். எல்லோரும் தடவுகிறார்கள். பேருந்தில், கோயிலில், ரேஷன் கடையில், கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலக் கேட்காமல் தடவுகிறார்கள். நாற்பது வருடமாக எத்தனை கைகளின் எண்ணெயும் வியர்வையும் தன் உச்சியில் படிந்திருக்கும் என்று நினைத்தபோது தலையைக் கொதிநீரில் முக்கவேண்டும்போல இருந்தது. அரசு வேலைக்கான நேர்காணல் முடித்து வெளியே வந்த அன்று ஒரு கல்யாண மண்டபக் காண்டிராக்டர் அவளைச் சாலையில் நிறுத்தி, வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வருகிறாயா, சாப்பாடு போட்டு வேஷமும் தருகிறோம் என்று மரியாதையாகவே கேட்டான். மரியாதையாகக் கேட்டதுதான் இன்றும் அவளுக்கு ஆறவில்லை. வசவாக இருந்திருந்தால் திருப்பி வசவு கொடுத்துத் தீர்த்திருக்கலாம். முல்லையையும் ஒருநாள் ஒருவன் நிறுத்துவான். பத்து வருட ஊசி அவனை நிறுத்தவிடாமல் செய்யுமா? பதினைந்து சென்டிமீட்டர் கூடினால் பன்னீர்ச்சொம்புக்கு அவள் பொருத்தமில்லாமல் போய்விடுவாளா? எந்த அளவில் ஒருவன் கேட்பதை நிறுத்துகிறான் என்பதற்கு எந்த அளவைப் புத்தகத்திலும் குறிப்பில்லை.

"ஊசிய நானே போட்டுருதேன்," என்றான் இசக்கிராஜா, அவள் எதையோ கேட்டதுபோல. "நர்ஸ் ரெண்டு நாள் சொல்லித் தருவாங்களாம். எடைக்கு ஏத்த அளவு, தெனமும் ஒரே நேரம், போட்டவொடனே நோட்டுல டிக். பயப்படாத சக்தி. உங்க அப்பா மாதிரி நான் எண்ணிக்கைய விட மாட்டேன்." அன்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போனான். அவன் விட்டுப்போன சொல் அவள் மடியில், படிவத்தின் மேல், யாரோ துப்பிய கடலைத்தோலைப்போலக் கிடந்தது. உங்க அப்பா மாதிரி. படிவத்தின் நான்காம் பக்கத்தில் குடும்பத்தில் முன்பு எடுத்த சிகிச்சை, விளைவு, காரணம் என்று மூன்று கட்டம்; நேற்றே நிரப்பியிருந்தாள், வரைவாளருக்கு உரிய சீரான சிறு எழுத்தில். சிகிச்சை: இரு கால் எலும்பு நீட்டும் அறுவை, பதினைந்தாம் வயதில். விளைவு: வலது குதிகால் தசைநாண் இறுகி, குதிகால் தரையில் படியாமை. காரணம்: வீட்டாரின் எண்ணிக்கைப் பிழை. மூன்றாம் கட்டத்தைத்தான் அவள் இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தாள். கல்லூரியில், அலுவலகத்தில், பெண் பார்க்க வந்த இசக்கிராஜாவிடம். அப்பா ஒரு திருகு கூடத் திருகிவிட்டார். ஒரே வரி. கேட்பவர் உச்சுக்கொட்டுவார், பேச்சு முடியும். அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் எடைமேடையில் இருந்தவர். முப்பது வருடத்தில் ஒரு லாரியின் எடையைக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே கர்வம். கெண்டைக்கால் இரண்டையும் சுற்றி இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து தோலைத் துளைத்து எலும்பின் மறுபுறம் வெளியேறும் கம்பிகள், வளையங்களை இணைக்கும் திருகாணிகள். ஒரு நாளைக்குக் கால் திருகாக நான்கு முறை, நான்கும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. அப்பா உப்பளத்திலிருந்து சைக்கிளில் மிதித்துக்கொண்டு வந்து பன்னிரண்டு மணித் திருகைத் திருகிவிட்டு, சுவரில் மாட்டிய அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டு, உண்ணாமல் திரும்பிப் போவார். கம்பி நுழையும் ஒவ்வொரு வாயிலும் மஞ்சள் பொருக்கு; பஞ்சால் சுரண்டினால் உள்ளிருந்து வெந்த சோற்று நீர்போல ஒன்று கசியும்; ஈ வரும். வெயில் ஏறினால் தன் உடம்பே கருவாட்டுக் கூடையின் அடியில் கிடந்த ஏதோ ஒன்றைப்போல நாறுகிறது என்று பதினைந்து வயதில் அறிவது எளிதல்ல. முகத்தைச் சுளிக்காமல் துடைத்தவர் அப்பா மட்டுமே. அம்மா வாசலுக்குப் போய் நின்று ஓங்கரித்துவிட்டு வருவாள்.

"எம்மா, ஒண்ணுக்கு," என்றாள் முல்லை. எண் இருபத்தெட்டு. பிரம்மசக்தி நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கினாள். இடது கால் முழுதாக ஊன்ற, வலது கால் முன்பாதத்தில் நிற்க, உடம்பு எப்போதும்போல ஒரு பக்கம் எகிறி எகிறி நடந்தது. முல்லை விரலைப் பிடித்துக்கொண்டு உடன் வந்தாள். கழிப்பறைத் தரையில் ஈரம், யாரோ விட்டுப்போன பஞ்சு, பினாயிலுக்கு அடியில் பினாயில் மறைக்காத வேறொன்று. முல்லை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், சாத்திவிட்டு எம்பினாள். எம்புகிற சத்தம் வெளியே கேட்டது. செருப்பு தரையில் தட், தட் என்று விழுந்தது. தாழ்ப்பாள் எட்டவில்லை. "எம்மா, கதவப் பிடிச்சிக்கோ. ஆரும் வந்துராம." "பிடிச்சிருக்கேன்." "விட்டுராத." "விடல. இரி." அவள் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள், கதவில் யாருடைய சோப்பு நுரையோ உலர்ந்து பிசுபிசுத்தது, அந்தப் பிசுபிசுப்பிலிருந்து கையை எடுக்கவேண்டும், எடுத்தால் கதவு திறந்துகொள்ளும், எடுக்கவில்லை, அப்போதுதான் அந்தப் பிற்பகல் வந்தது. வரக்கூடாத பிற்பகல். ஒருநாளும் அவள் சொல்லாத பிற்பகல். பள்ளிக் கழிப்பறைகள் ஆறு, ஆறிலும் தாழ்ப்பாள் கதவின் உச்சியில்; எல்லாப் பெண்களும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வார்கள்; அவளுக்கு மட்டும் வெளியே ஒருத்தி காவல் நிற்க வேண்டும், காவல் நிற்பவள் வேறொருத்தியோடு பேசிக்கொண்டே கையை எடுத்துவிடுவாள், கதவு மெல்ல, அவசரமேயில்லாமல், திறந்துகொள்ளும். ஒருமுறை திறந்தபோது வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை; மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது உயரம் அல்ல. தாழ்ப்பாள். ஓர் அட்டையில் அளந்து வைத்திருந்தாள்: கைக்கும் தாழுக்கும் நடுவே எட்டரை சென்டிமீட்டர். மருத்துவர் தருவதாகச் சொன்னது ஏழு.

பகல் பன்னிரண்டுத் திருகு முடிந்து அப்பா போய்விடுவார். அம்மா மூன்று மணிக்கு உறங்குவாள். திருகும் சாவி தலைமாட்டில் பிஸ்கட் டப்பாவில். உலோகம் சில்லென்றிருக்கும். வலது காலில் முதலில், ஒரு கால் திருகு. எலும்புக்குள் யாரோ ஈர நூலை இழுப்பதுபோல. பிறகு இடது. பிறகு சாவியைத் துடைத்து டப்பாவுக்குள். அட்டையில் கோடு போடுவதில்லை. முதல் நாள் போதும் என்று நினைத்தாள், இரண்டாம் நாள் முதல் நாளைப் பாழாக்கக்கூடாது என்று நினைத்தாள், அதற்குப் பிறகு நினைக்கவில்லை. முப்பத்தாறு நாள். கால்விரல்கள் மரத்தன, சொல்லவில்லை. வலது பாதம் கீழ்நோக்கி வளைந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மதுரையில் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் அட்டையை ஒரு கையிலும் படத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, முப்பத்தாறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து இருக்கிறதே என்றார். "எண்ணத் தெரியாதா ஐயா உங்களுக்கு? பிள்ளையோட நரம்ப அறுத்துட்டீரே." அப்பா சுவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை விரலை வைத்து எண்ணினார். நூற்று நாற்பத்து நான்கு. சரியாக இருந்தது. மறுபடி எண்ணினார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னவென்று வாசிப்பது? எட்டு எண்ணும் நேரம் இருக்கும். அவள் சுவரில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தப்புதான் டாக்டர். தூக்கக் கலக்கத்துல ரெண்டு தடவ திருகிருப்பேன்," என்றார் அப்பா.

"எம்மா, முடிஞ்சிட்டு. கதவ விடு." அவள் கையை எடுத்தாள். உள்ளங்கையில் நுரை வெண்மையாகத் திரிந்திருந்தது. கழுவினாள், மறுபடி கழுவினாள், முல்லையைத் தூக்கித் தொட்டிமேல் சாய்த்து அவள் கைகளையும் கழுவினாள். கண்ணாடி இருவருக்குமே மேலே இருந்தது, அதில் எதிர்ச்சுவரும் ஒரு குழல்விளக்கும் மட்டும் தெரிந்தன. அதற்குப் பிறகு அப்பா எண்ணிக்கொண்டே வாழ்ந்தார். எடைமேடையில் ஒரு லாரியை மூன்று தடவை ஏற்றி இறக்கச் சொல்லி ஓட்டுநர்களிடம் ஏச்சு வாங்கினார். வீட்டில் படியிறங்கும்போது எண்ணினார், மாத்திரையை உள்ளங்கையில் வைத்து எண்ணினார், எரிவாயுக் குமிழை மூடிவிட்டுப் போய்த் திரும்பி வந்து தொட்டுப் பார்த்தார். உறங்கப் போகுமுன், "சக்தி, நான் கதவப் பூட்டிட்டனா?" என்பார். "பூட்டிட்டீங்கப்பா." "நீ பாத்தியா?" பார்த்தேன் என்று சொன்னாளே ஒழிய, நான்தான் திருகினேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்திருந்தால் அந்த எண்ணிக்கை நடிப்பா? தெரியாமலே செத்துப்போனாரா? இரண்டில் எது தன்னை அதிகம் நாற வைக்கும் என்று அவள் முகர்ந்து பார்த்தாள். இரண்டும் ஒரே வாடை. அலுவலகத்தில் ஒரு நியமம் உண்டு: ஒரு கோட்டைப் போகும்போது அளந்தால் திரும்பி வரும்போதும் அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாத வரைபடத்தை அவளே எத்தனையோ முறை சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்த ஒரு கோட்டை மட்டும் அவள் ஒரு பக்கத்திலிருந்தே அளந்துகொண்டிருந்தாள். சிகிச்சை என்றாலே சீழ் என்று முகம் சுளித்து, இன்று முல்லைக்கு வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்கு அருவருப்பு எதன்மேல்? கம்பியின்மேலா, ஊசியின்மேலா, மூன்று மணிக்குச் சாவியைத் துடைத்துவைத்த அந்தக் கையின்மேலா? அந்தக் கைதான் இப்போது குழந்தையின் விரல்களைத் துவட்டிக்கொண்டிருந்தது.

முப்பத்து நான்கு எரிந்தபோது இசக்கிராஜா தேநீரோடு ஓடிவந்தான். தேநீரில் ஆடை படிந்திருந்தது, அவள் வேண்டாம் என்றாள். உள்ளே அளவெடுக்கும் சிஸ்டர் சுவரோடு நின்ற மரப்பலகையைக் காட்டினார். "செருப்பக் கழத்திட்டு ஏறி நில்லு கண்ணு. முதுகு பலகைல ஒட்டணும்." முல்லை ஏறி நின்றாள். சிஸ்டர் தலைக்கு மேல் தட்டை இறக்கினார். "எண்பத்து நாலு புள்ளி ஆறு. இரி இரி. ஒரு குதிகால் தூக்கியிருக்கு. இறக்கும்மா." முல்லை இறக்கினாள், தட்டு இறங்கியதும் குதிகால் மெல்ல எழும்பியது. வலது குதிகால் மட்டும். "ஒயரமா காட்டணும்னு தூக்குதியாக்கும்?" என்று சிஸ்டர் சிரித்தார். "எல்லாப் பிள்ளையளும் செய்யும். ஆனா ரெண்டையும்லா தூக்கும்." முல்லைக்குக் கோபம் வந்தது. "நான் தூக்கல. நேராத்தான் நிக்கேன். எங்கம்மா இப்படித்தான் நிப்பா." பிரம்மசக்தி தரையில் மண்டியிடவேண்டிய தேவை இருக்கவில்லை. சற்றுக் குனிந்தாலே கை எட்டியது. அந்தச் சின்னக் குதிகாலை, எதுவும் வெட்டாத, எதுவும் இறுகாத, வெதுவெதுப்பான அந்தக் குதிகாலைப் பிடித்துப் பலகையோடு அழுத்தினாள். அது தடையே இல்லாமல் படிந்தது. "இப்ப பாருங்க," என்றாள். "எண்பத்து நாலு புள்ளி ஒண்ணு. எத எழுதட்டும்?" "கொறஞ்சத."

படிவத்தை நாற்காலிமேல் வைத்து நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். வீட்டாரின் எண்ணிக்கைப் பிழை என்பதன்மேல் அளவுகோல் வைத்ததுபோல ஒரு கோடு கிழித்தாள். அதன் கீழே அதே சிறு எழுத்தில், நோயாளி தானே நாள்தோறும் ஐந்தாவதாக ஒரு திருகு கூட்டித் திருகியது, முப்பத்தாறு நாள், என்று எழுதினாள். எட்டிப் பார்த்த இசக்கிராஜா ஒருமுறை வாசித்தான், மறுமுறை வாசித்தான். "சக்தி, அப்ப மாமா திருகலையா?" "இல்ல." "மாமாவுக்குத் தெரியுமா?" "தெரியாது. இல்ல, தெரியுமோ என்னமோ. நான் சொல்லல." அவன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தான். அவன் முகத்தில் தோன்றியது அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கழிப்பறைக்கு வெளியே மூக்கைப் பொத்திய ஒன்பது முகங்களில் இருந்தது. அது தன் பங்கு என்று அவள் வாங்கிக்கொண்டாள். "ஊசி நீங்க போடுங்க," என்றாள். "மருந்துப் பெட்டிச் சாவியும் உங்க கைல இருக்கட்டும். எங்கிட்டத் தராதீங்க. அவ பெருசானா அவகிட்டயும் தராதீங்க." பிறகு கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டாள். மருந்து நல்லதா, வருடத்துக்கு ஒன்றரையா ஒன்றா, எதுவும் அவளுக்கு நிச்சயமில்லை. குமட்டல் இருந்த இடத்திலேயே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வைத்திருந்த காரணம் மட்டும் இப்போது அவளிடம் இல்லை.

முல்லை இன்னும் பலகைமேலேயே நின்றிருந்தாள், இரண்டு குதிகாலையும் அழுத்தி, புதிதாகக் கற்றதைக் காட்டும் விறைப்போடு. கீழே பார்த்தாள். தாயின் வலது பாதத்தைப் பார்த்தாள். "எம்மா, நீயும் எறக்கு," என்றாள். பிரம்மசக்தி முழங்காலை நேராக்கி, பல்லைக் கடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலின்மேல் வைத்தாள். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. "எறக்கும்மா," என்றாள் முல்லை மறுபடியும், பொறுமையாக, சிஸ்டரைப்போலவே. அவள் அழுத்திக்கொண்டே நின்றாள்.